போர்டுல அஞ்சு, ரோட்டுல ரெண்டு

எழுபதுகளின் கடைசியில் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் இரண்டு கால அட்டவணைகள் இருந்தன. ஒன்று சர்க்கார் வைத்தது. நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து, அடியில் ஒரு அதிகாரியின் பதவிப் பெயர். மற்றது எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையின் கதவு நிலையில் ஆணியடித்து மாட்டிய பள்ளிக்கூடச் சிலேட்டு. அது கடைக்காரர் மகள் வைத்தது. சிலேட்டின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'போர்டு', அந்தப் பக்கம் 'ரோடு'. கூக்கால் போகும் வண்டிகள் ஐந்து என்று தகரம் சொல்லும். 'போர்டுல 5, ரோட்டுல 2' என்று சிலேட்டு சொல்லும். தகரத்தை நம்பியவர்கள் மூடுபனியில் நின்றார்கள். சிலேட்டை நம்பியவர்கள் டீ குடித்தார்கள்.

மதராஸ்காரர் ஒருவர், கழுத்தில் காமிராவும் தோளில் பிளாஸ்க்கும் பின்னால் மனைவியுமாக வந்து நின்றது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டரைக்குக் கூக்கால் பஸ் இருக்குல்லம்மா?"

"இருக்குங்க."

"கரெக்டா வந்துடுமா?"

"போர்டுல வந்துரும்ங்க. நீங்க ரோட்டுல போகணுமா?"

அவர் கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொல்லியிருந்தார்.

அவளுக்கு அப்போது இருபது வயது. கீழே ஒரு பெண்கள் கல்லூரியில் தங்கி பி.யு.சி. முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று வீட்டில் யாரும் முடிவு செய்யாததால் கடையில் நின்றாள். எங்கள் ஊரில் 'கீழே' என்றால் வத்தலக்குண்டும் அதற்கு அப்பால் உள்ள உலகமும். 'மேலே' என்றால் மலை, அதாவது நாங்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் இந்த இரண்டு சொற்களால் ஒரு விபரீதம் நடக்கவிருக்கிறது. அதை நடத்திவைத்தவன் நான்தான்.

அப்பாவின் பழைய காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகுகிற மாதிரி சாக்பீஸைச் செருகிக்கொண்டு திரிவாள். அந்த அப்பா இருபது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டி, முழங்கால் மக்கர் செய்யவே இறங்கி டீக்கடை போட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். கடைக்கு மேலே இருந்த மர அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கோடைக்கானலிலேயே தங்கியிருக்கலாம், அங்கே புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் வாடகை கட்டுபடியாகும். தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தேன். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். அந்தப் படிப்பை வைத்து நான் செய்துகொண்டிருந்தது, காணாமல் போன கம்பளிகளைப் பற்றி வெளியூர்ப் பெற்றோருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவது.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நிறுத்தத்தில் ஒரு வண்டி ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கும். அது இப்போதுதான் வந்ததா, காலையிலிருந்தே ரிப்பேராகி நிற்கிறதா என்று தெரியாமல் ஜனம் சுற்றிச் சுற்றி வரும். டிரைவரும் கண்டக்டரும் சாப்பிடப் போயிருப்பார்கள், அல்லது வீட்டுக்கே போயிருப்பார்கள். இவள் கடையிலிருந்து இறங்கிப் போய், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பாள்.

"சுடுது. ஏறிக்கங்க."

அல்லது, "சில்லுன்னு கெடக்கு. டீ குடிங்க."

இரண்டாவது தீர்ப்பில் கடைக்கு லாபம் உண்டு என்றாலும் ஒருவரும் அவளைச் சந்தேகித்ததில்லை. அடுக்கம் கிராமத்திலிருந்து மூட்டை சுமந்து ஏறி வருகிறவர்கள்கூட தகரத்தை நிமிர்ந்து பார்க்காமல் நேரே அவளிடம்தான் வருவார்கள்: "பாப்பா, சுடுதா?"

இந்தப் போர்டு, ரோடு கணக்கை பஸ்ஸோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வெளியூர்ப் போதகர் ஒருவர், இன்று மூன்று கருத்துக்களைத் தியானிப்போம் என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும் அவளுடைய அம்மா பயபக்தியோடு, "நல்ல பிரசங்கம்ல?" என்றார்.

"போர்டுல மூணும்மா. ரோட்டுல ஒண்ணேகால்."

அந்தக் காலத்தில் நான் கவிதை எழுதுவேன். மூடுபனியைப் பற்றி இருபத்துநாலு வரியில் ஒன்று எழுதி, வேறு வாசகர் அகப்படாததால் அவளிடம் காட்டினேன். வாயில் உப்புத் தொட்ட பிளம்ஸ் காயை அதக்கிக்கொண்டு சாவகாசமாகப் படித்தாள். பிறகு என் பேனாவை வாங்கி நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது மட்டும் ஓடுது சார்." அந்த நான்கு வரியில் இரண்டு, நான் கல்லூரியில் படித்த ஒரு ஆங்கிலக் கவிதையிலிருந்து சுட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒருமுறை என் வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடி அலமாரியில் நான் பெருமையாக அடுக்கி வைத்திருந்த புத்தகங்களை ஒரு நிமிஷம் பார்த்தாள். என் மனைவிதான் முந்திக்கொண்டு, "போர்டுல நானூறும்மா" என்றாள். மிச்சத்தை இரண்டு பேரும் சிரித்தே முடித்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்த திண்டுக்கல் மாப்பிள்ளையையும் அவள் விட்டுவைக்கவில்லை. வங்கியில் வேலை, நல்ல மனுஷர். ஆனால் பாவம், மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வந்தவர், பெருமாள்மலையில் இறங்கும்போது அந்தப் பழத்தின் நிறத்துக்கே மாறியிருந்தார். இவளே ஓடிப்போய் சோடா உடைத்துக் கொடுத்து, அண்ணாந்து குடிக்கக் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். அதைவிட நெருக்கமாக ஒரு பெண்பார்க்கும் படலம் எங்கள் பக்கத்தில் நடந்ததில்லை. அவர்கள் போனபின் அம்மா கேட்டார்: "மாப்பிள்ளை எப்படிடி?"

"போர்டுல அஞ்சடி ஒம்பது அங்குலம்மா. ஏத்தத்துல மடங்கிட்டாரு."

அவர்களுக்கோ பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. சோடா கொடுத்த கை ராசியான கை என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பினார். எப்போது சரி என்று சொன்னாலும் தேதி வைத்துவிடலாம் என்று திண்டுக்கல் தயாராக நின்றது.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஆகாய விமானம் ஓட்டும் ஆசை வந்தது. ஆசை வந்த வழி காகிதப் பை. எங்கள் பள்ளியில் வெள்ளைக்கார ஆசிரியர்கள் படித்துப் போட்ட வழவழப்பான பத்திரிகைகளை எடைக்கு வாங்கி, பசை தடவிப் பை ஒட்டித்தான் கடையில் பிளம்ஸ் விற்பார்கள். ஒரு நாள் ஒட்டுவதற்கு எடுத்த தாளில், சின்ன விமானம் ஒன்றின் இறக்கைமேல் கையூன்றி ஒரு பெண் நிற்கிற படம். விமானம் ஓட்டக் கற்க இரண்டு வழிகள் உண்டு. கல்லூரியில் சேர்ந்து பட்டத்தோடு கற்கலாம், தனியார் பறக்கும் பள்ளியில் நேரே போயும் கற்கலாம். எது மேல் என்று கட்டுரை அலசியிருந்தது. கல்லூரியின் நன்மைகள் அந்தப் பக்கத்தில் முழுசாக இருந்தன. பறக்கும் பள்ளியின் நன்மைகள் அடுத்த தாளில். அடுத்த தாள் ஒரு கிலோ பிளம்ஸோடு அன்று காலையே மதுரைக்குப் போய்விட்டது.

"இது என்ன சார், போர்டு மட்டும் இருக்கு" என்று தாளை என்னிடம் நீட்டினாள். "ரோட்டை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அந்தக் கட்டுரை சொன்ன தேசம் வேறு. நம் ஊரில் விசாரித்ததில், கீழே ஒரு நாள் பயணத்தில் அப்படி ஒரு கல்லூரியும், அதற்கு இன்னும் நாலு மணி நேரம் தள்ளி ஒரு பறக்கும் கிளப்பும் இருப்பது தெரிந்தது. இரண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. கம்பளி அல்லாத ஒரு விஷயம் பற்றி எழுதக் கிடைத்த சந்தோஷத்தில், தங்கள் மேலான ஸ்தாபனத்தை அலங்கரிக்கும் விமானங்களின் எண்ணிக்கை யாது என்று ஒரு பக்கத்துக்குப் பந்தல் போட்டேன். அவள் படித்துவிட்டு, அடியில் தன் கையால் ஒரே வரி சேர்த்தாள்: மொத்தம் எத்தனை, அதில் பறப்பது எத்தனை?

கல்லூரியிலிருந்து வண்ணப் படங்கள் போட்ட புத்தகமே வந்தது. நூலகம், விடுதி, தோட்டம், முகப்பில் விமானம், விமானத்தைச் சுட்டிக்காட்டும் பேராசிரியர். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கிளப்பிலிருந்து பத்து நாள் கழித்து, எண்ணெய்க் கறை படிந்த கால் தாள் ஒன்று வந்தது. அதில் நாலு சொல்தான்: 'இருப்பது இரண்டு. பறப்பது ஒன்று.'

அவள் அந்தக் கால் தாளைச் சிலேட்டுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

பணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அது கடைக்குப் பின்னால் இருந்த பேரிக்காய்த் தோட்டத்துக்கும் அண்ணாச்சிக்கும் இடையிலான விஷயம். அந்தத் தோட்டத்தால் ஒருமுறைதான் விலைபோக முடியும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. இடம் தப்பாகிவிட்டால் இன்னொரு இடம் கிடையாது, திண்டுக்கல்தான். அதனால் இரண்டையும் நேரில் பார்த்துவிடுவது என்று அண்ணாச்சி, அவள், நான் மூன்று பேராக இறங்கினோம். நான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிரின்சிபாலிடம் ஆங்கிலத்தில் பேச ஆள் வேண்டுமாம். பிரின்சிபால் எங்களிடம் சுத்தமான தமிழில் பேசினார்.

கல்லூரிக்கு வெள்ளனே போய்ச் சேர்ந்தோம். கோட்டு போட்ட பிரின்சிபால் பீங்கான் கோப்பையில் டீ வரவழைத்தார். மூன்று வருஷம், வானிலை, இயந்திரம், நிர்வாகம் எல்லாம் உண்டு, முடித்தால் பட்டம், பறப்பது மூன்றாம் வருஷத்தில் என்றார். எந்த மூன்றாம் வருஷம் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சி விடுதி மதில் சுவரைப் பற்றி விசாரித்தார். எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை, இருபது வருஷம் லாரி ஓட்டிய காலத்தில் நல்ல பிரேக்கைக் கண்டபோதுதான் அவர் அடைந்திருப்பார்.

இவள் விமானத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். முகப்பில், தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில், சுற்றிலும் கல்வாழை பூத்துக் கிடக்க, பளபளவென்று நின்றது. வாட்ச்மேன் ஒருவர் பூவாளியால் கல்வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது கடைசியா எப்பக் கெளம்புச்சுங்க?"

"கெளம்புறதா?" அவர் பூவாளியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "லாரியில கொண்டாந்து எறக்குனாங்க தாயி. நான்தான் ஒரு பக்கம் கயிறு புடிச்சேன். றெக்கை தனியா வந்துச்சு."

அவள் கல்வாழையைத் தாண்டிப் போய் விமானத்தின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். காற்று போகும் ஓட்டையிலிருந்து ஒரு சிட்டுக்குருவி கோபமாக வெளியே வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"பாப்பா, என்ன?" என்றார் அண்ணாச்சி.

"சில்லுன்னு கெடக்குப்பா."

கிளப்புக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தகரக் கொட்டகை ஒன்று. அதன் முன்னால் நீளமாகச் செதுக்கிய மைதானம். மைதானத்தின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. யாரோ கைதட்டி நாயை எழுப்பி விரட்டினார்கள். மேலேயிருந்து ஒரு குட்டி விமானம் வந்து, இரண்டு முறை தத்தி, நாய் படுத்திருந்த இடத்தைத் தாண்டி நின்றது. அதிலிருந்து காக்கி அரைக்கால் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கி, கூட இறங்கிய பையனை எங்கள் காதுபட வண்டை வண்டையாகத் திட்டினார். அவர்தான் மாஸ்டர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி மதில் சுவரைத் தேடினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை.

"கண்ணாடி போடுவியா?" மாஸ்டர் அவளிடம் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"இல்லீங்க."

"வாந்தி எடுப்பியா?"

"கோடை ரோட்டுலயே எடுத்ததில்லீங்க."

"இது அதைவிட மோசம்."

"உங்க வண்டி போர்டுல எத்தனைங்க?"

"எந்த போர்டு? ரெண்டு இருக்கு. ஒண்ணு பறக்குது. இன்னொண்ணு அதுக்கு உதிரி பாகம் குடுத்துக்கிட்டுக் கெடக்கு. மழை பேஞ்சாப் பறக்காது. பெட்ரோல் வரலேன்னாப் பறக்காது. நான் கோவிச்சுக்கிட்டாலும் பறக்காது."

"அப்ப மாசத்துல எத்தனை நாள்தான் பறக்கும்?"

அவர் உள்ளே போய், அட்டை கிழிந்த ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் கையில் போட்டார். எந்தத் தேதி, எந்த மணிக்குக் கிளம்பி எந்த மணிக்கு இறங்கியது, ஓட்டியது யார் என்று வரி வரியாக எழுதியிருந்தது. பறக்காத நாட்களிலும் ஒரு வரி. ஏன் பறக்கவில்லை என்று. ஒரு நாளைக்கு 'நாய்' என்று மட்டும் போட்டிருந்தது. அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கதைப் புத்தகம் படிப்பதுபோல முதலிலிருந்து படித்தாள். பிறகு எழுந்து போய் விமானத்தின் இறக்கையைத் தொட்டாள். வெயில் தாழ்ந்து இறக்கை ஆறியிருந்தது. அப்புறம் மூக்கில் கை வைத்தாள்.

"அப்பா" என்றாள், கையை எடுக்காமலே. "சுடுதுப்பா."

திரும்பி வருகிற ரயிலில் நான் கல்லூரிக்காக வாதாடினேன். நியாயமாகத்தான் பேசினேன் என்று இன்றும் நினைக்கிறேன். கிளப்பில் கிடைப்பது லைசென்ஸ் மட்டும்; நாளைக்கு டாக்டர் கண்ணில் கோளாறு என்று ஒரு சீட்டு எழுதினால் அதுவும் போச்சு. கல்லூரி என்றால் பட்டம். பறக்க முடியாமல் போனாலும் பட்டம் கையில் நிற்கும், அதை வைத்து வேறு வேலைக்குப் போகலாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்ககிட்ட டிகிரி இருக்குல்ல?"

"இருக்கு."

"இப்ப என்ன சோலி பாக்குறீங்க?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். "கம்பளி" என்றேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். அண்ணாச்சி, "அந்த மதிலு நல்லாருந்துச்சு" என்று பெருமூச்சு விட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கு எது சுடுதோ அங்கயே போ பாப்பா. ஆனா ஒண்ணு. பாதி வழியில ரிட்டர்ன் அடிக்கிற வண்டியில நான் லோடு ஏத்துறதில்ல. லைசென்ஸ் வாங்குற வரைக்கும் கீழதான் இருக்கணும். நடுவுல முடியலேன்னு நீயாத் தனியா மேல ஏறி வந்தே, அதோட சரி. மறுநாள் நான் திண்டுக்கல் போய்ச் சரின்னு சொல்லிருவேன். சார் சாட்சி."

"சரிப்பா" என்றாள். சாட்சியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியில் தகரப் பெட்டியோடு இறங்கினாள். கிளப்புக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸாக இருந்த அவளுடைய அத்தை வீட்டில் தங்கல். வாரம் ஒரு கார்டு வரும். மாஸ்டர் திட்டியது, பெட்ரோல் வராதது, நாய் குட்டி போட்டது. சிலேட்டை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குக் கோடு நேராக வராது. மற்றபடி கணக்கு சரியாகவே இருந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிளம்ஸ் கூடைகள் கடைக்கு முன்னால் அடுக்கியிருந்த நேரம், தந்தி வந்தது. தந்தி என்றாலே அந்தக் காலத்தில் முதலில் அழுதுவிட்டுத்தான் பிரிப்பார்கள். அம்மா அழ ஆரம்பித்திருந்தார். அண்ணாச்சி அதை என் கையில் கொடுத்தார். ஆங்கிலத்தில் எட்டே சொற்கள். வென்ட் அப் அலோன் டென் மினிட்ஸ் கேம் டவுன் சேஃப்லி.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் அல்லவா. தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் ஊர்த் தமிழில் அழகாக மொழிபெயர்த்தேன்.

"தனியா மேல வந்துச்சாம். பத்து நிமிசம் இருந்துச்சாம். பத்திரமாக் கீழ எறங்கிருச்சாம்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "மேல வந்தாளா? எப்ப?"

"இன்னிக்கோ நேத்தோ இருக்கும்."

"பத்து நிமிசமா? பெத்தவ இங்க உக்காந்திருக்கேன், வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காமயா எறங்கிப் போனா?"

"ஏரிக்கரைக்கு வந்துட்டு அப்படியே போயிருக்கலாம்" என்றேன். கற்பனை வளம் கவிதையில்தான் எனக்குக் கைகொடுக்காது.

அண்ணாச்சி உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "தனியா மேல ஏறிட்டா. வார்த்தைன்னா வார்த்தைதான். திண்டுக்கல் வண்டி எப்ப?"

தகரப் போர்டில் திண்டுக்கல் வண்டிக்குப் பதினொன்றே கால் என்று போட்டிருந்தது. அது பதினொன்றே காலுக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சிலேட்டில் அதற்கு எதிரே வட்டமாக ஒரு பூஜ்யம் இருக்கும். ஆகையால் இன்னும் ஒரு மணி நேரமாவது சமாதானம் பேசலாம் என்று நான் தெம்பாக இருந்தேன். அன்றைக்குப் பார்த்து வண்டி பதினொன்று பதினான்குக்கே வந்து நின்றது.

அம்மா அண்ணாச்சியைத் தடுக்கவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளின் கண்டக்டர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்.

"ஏப்பா, எம்மக உன் வண்டியில ஏறுனாளா?"

"பாப்பாவா? பாப்பா ஏறுனா என் வண்டி இஞ்சினைத் தொட்டுப் பாத்துக் கொறை சொல்லாமப் போகுமா? பாக்கலியேக்கா."

இரண்டாவது ஆளும் பார்க்கவில்லை. மூன்றாவது ஆளும் பார்க்கவில்லை. அம்மா என்னிடம் திரும்பினார்.

"தம்பி, போர்டுல ஏறியிருக்கா. ரோட்டுல ஒருத்தனும் பாக்கலியே. அந்தத் தந்தியை இன்னொருக்கா வாசிங்க. வெரசா."

வாசித்தேன்.

"வத்தலக்குண்டுலேர்ந்து இங்க ஏறவே ரெண்டு மணி நேரம். இதுல பத்து நிமிசம் எதுக்கு வந்துச்சு? பத்து நிமிசத்துல எதுல ஏறி எதுலேர்ந்து எறங்குனா? அதென்ன பத்திரமா? பஸ்ஸுல போறவ பத்திரமா எறங்கிட்டேன்னா தந்தி குடுப்பா?"

தந்தியைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். பிறகு, பெருமாள்மலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தேன்.

அண்ணாச்சியின் நல்ல கால் ஏற்கெனவே படிக்கட்டில் இருந்தது. முழங்கால் மக்கரான கால் இன்னும் தரையில் இருந்தது. அந்த மூட்டுவலி மட்டும் இல்லையென்றால் நான் போய்ச் சேருவதற்குள் அவர் ஏறி உட்கார்ந்திருப்பார். எதற்குமே ஓடாத நான் அன்று ஓடி, பிளம்ஸ் கூடை ஒன்றை உதைத்துக் கவிழ்த்து, அவர் வெள்ளைச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"எறங்குங்க அண்ணாச்சி. பாப்பா இந்த மேலுக்கு வரலே. அந்த மேலுக்குப் போயிருக்கு" என்று வானத்தைக் காட்டினேன்.

வானத்தைக் காட்டி 'மேலே போய்விட்டது' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "பத்திரமா எறங்கிருச்சு, எறங்கிருச்சு" என்று அவசர அவசரமாகச் சேர்த்தேன். "விமானத்தைத் தனியா ஓட்டிக்கிட்டு மேல போய், பத்து நிமிசம் சுத்திட்டு, பத்திரமாக் கீழ எறக்கியிருக்கு."

அவர் கவிழ்ந்த கூடையை நிமிர்த்தாமலே அதன்மேல் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, சரித்திரத்தில் முதல் முறையாக நேரத்துக்கு வந்த வண்டியை நேரத்துக்கே கிளப்பிக்கொண்டு போனார்.

"தனியாவா?" என்றார் அண்ணாச்சி. "அந்த அரைக்கால் சட்டைக்காரர் கூட இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

அண்ணாச்சி உருண்டு கிடந்த பிளம்ஸ் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார். வெள்ளைச் சட்டை என்பதை மறந்துவிட்டார்.

"சார், ஒரு தந்தி குடுக்கணும். அந்த வத்தலக்குண்டுப் பேச்சை விட்ரச் சொல்லுங்க. எப்ப வேணாலும் மேல வரலாம்னு போடுங்க."

மேலும் தவறு செய்யக்கூடாது என்று இந்தத் தடவை நன்றாக யோசித்தேன். அவள் 'வென்ட் அப்' என்றுதானே போட்டிருந்தாள்; பதிலும் அதே நடையில் இருந்தால் நயமாக இருக்குமே என்று, 'மே கோ அப் எனிடைம்' என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே ஓர் உயிரை அசைத்த வாசகம் அது ஒன்றுதான். அதுவும் வேறு திசையில்.

அடுத்த வாரம் கார்டு வந்தது. அம்மா முன்னிலையில் நானே வாசித்தேன்.

'அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் தந்தி கிடைத்தது. எப்போது வேண்டுமானாலும் மேலே போகலாம் என்று நீங்கள் உத்தரவு கொடுத்திருப்பதை மாஸ்டரிடம் காட்டினேன். உங்கப்பா சொன்னாப் போதுமா, பெட்ரோல் வரட்டும் என்றார். நேற்று வந்தது. இரண்டு தடவை போனேன். சிலேட்டில் கோடு நேராக இருக்கிறதா?'

அம்மா கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்கு வாடின்னா, இவ எங்க போயிட்டு வந்திருக்கா பாருங்க. அம்புட்டு மேல போறவ, அப்படியே இங்கிட்டு ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போனா என்னவாம்?"

"அவ மேலு இப்ப வேறயாப் போச்சு" என்றார் அண்ணாச்சி. "அவ வரமாட்டா. நாமதான் எறங்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் புறப்பட்டார்கள். கடையைச் சாத்தி, ஒரு கூடைப் பிளம்ஸைத் துணி போட்டுக் கட்டி, அண்ணாச்சி சிலேட்டைக் கழுவித் துடைத்து, கோணல் மாணலான கோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுதினார்: 'டீக்கடை. போர்டுல 1, ரோட்டுல 0.' எதிரே வண்டி ஒன்று ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. இப்போது வந்ததா, காலையிலிருந்தே நிற்கிறதா தெரியவில்லை. அண்ணாச்சி தகரத்தை நிமிர்ந்து பார்த்தார். அம்மா பார்க்கவில்லை. கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, நேரே போய்ப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுது" என்றார். "ஏறுங்க."